மாத்துக்கல்லில் திரும்பிய சேறு

சங்கையா ஓய்வு பெற்றபோது கம்பெனி அவருக்கு ஒரு குடையும் ஒரு கம்பளியும் கொடுத்து, தொழிலாளர் லயத்தில் இருந்த வீட்டை அடுத்த வைகாசி மழைக்கு முன் காலி செய்யச் சொன்னது. வீடில்லாதவனுக்கு இரண்டும் உதவும் என்று யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவரும் கோபப்படவில்லை. கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் கற்பகம் போன் செய்யும்போதெல்லாம் "எங்க வீட்டுக்கு வந்துருங்கப்பா" என்றாள். "பாக்கலாம்" என்று வைத்துவிடுவார்.

போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை மகளிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள். செத்துப்போன மனைவி குருவம்மாள் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடும். வரும்போது ஆள் இருக்க வேண்டும்.

லயத்திலிருந்து இடுகாட்டுக்கு இறங்கும் பாதையில், பாதித் தூரத்தில் ஒரு தட்டைப் பாறை கிடக்கிறது. பெயர் மாத்துக்கல். அதுவரை பாடையைக் கால் முன்னே போகத் தூக்கி வருவார்கள். அங்கே இறக்கி, தலை முன்னே வரும்படி திருப்பித் தூக்குவார்கள். அப்படி ஒருமுறை திருப்பிவிட்டால் செத்தவருக்கு வந்த வழி மறந்துவிடும், வீடு தேடி வராது. லயத்தில் யார் போனாலும் பாடையின் முன்கொம்பு சங்கையாவுக்கு, பின்கொம்பு பக்கத்து வீட்டு நல்லதம்பிக்கு. இருவருக்கும் இதில் இருந்த தேர்ச்சியைக் கொழுந்து எடுப்பதில் காட்டியிருந்தால் கம்பெனி இரண்டு குடை கொடுத்திருக்கும்.

குருவம்மாள் அந்தக் கல்லுக்கு வரவே இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்றைக்கு மேலே மண் சரிந்து லயத்துக்கு வழியில்லை. ஜீப்பில் நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் அவளைத் திருப்பவில்லை. சங்கையா அழவும் இல்லை. வழி திறக்கட்டும், வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்று நினைத்தார். வழி திறந்தது, அழுகை அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். தாழ் போடவில்லை. நாலு மழைக்காலமாக அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. இதுவரை உள்ளே வந்தவை குளிர், ஒரு செவலை நாய், ஹோம்ஸ்டே என்று நினைத்து பாத்ரூம் எங்கே என்று கேட்ட ஒரு பெங்களூர் குடும்பம்.

இந்த நிலையில்தான் ஐப்பசி மழையில் ஜோமோள் வந்தாள். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கொச்சியில் ஆராய்ச்சி செய்கிறாள். மலை உச்சியில் புல்வெளிக்கு நடுவே ஒரு சதுப்பு உண்டு. அதில் குழாயைச் செங்குத்தாக இறக்கி, ஆள் நீளத்துக்குச் சேற்றை அப்படியே உருவி எடுத்தாள். கீழே போகப் போகப் பழைய சேறு. பல ஆயிரம் வருஷத்து மழையும் வெயிலும் அதில் அடுக்கடுக்காக இருக்கிறதாம். குழாயைத் தார்ப்பாயில் சுற்றி, இரண்டு முனையையும் கட்டி, சங்கையாவையும் நல்லதம்பியையும் தூக்கச் சொன்னாள்.

"பெரியப்பா, முன்னாடி போற முனைதான் அடிச்சேறு. எழுதியிருக்கேன், ஆனா மழையில மை நிக்குமோ என்னவோ. முன்பக்கம் முன்பக்கமாவே ஜீப்புக்குப் போகணும்."

"போயிரும்மா" என்றார் சங்கையா.

அவள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே பின்னால் வந்தாள். முன்னால் போன இருவருக்கும் தோளில் கம்பு, கம்பில் வெள்ளைத் தார்ப்பாயில் ஆள் நீளத்துக்கு ஒன்று, வானத்தில் மழை. ஜீப் கீழே இடுகாட்டுப் பக்கம் நின்றதால் வழியில் மாத்துக்கல் வந்தது. இறக்கினார்கள், திருப்பினார்கள், தூக்கினார்கள், நடந்தார்கள். ஜீப்பில் ஏற்றும்போது மை முழுக்கக் கரைந்திருந்தது.

மாசியில் ஜோமோள் மறுபடி வந்தாள். பாலில்லாத கட்டஞ்சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"பெரியப்பா, உங்க சேறு என்னா சொல்லுது தெரியுமா? பன்னெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே மூணாறுல தேயிலை இருந்துச்சாம். சேத்துக்கு அடியில தேயிலைப் பூவோட மகரந்தத் தூள் கிடக்கு."

"அப்ப தேயிலை நட்ட வெள்ளக்காரன் சும்மாதான் வந்தானா?" என்றார் நல்லதம்பி.

"எங்க ப்ரொபசர் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டாரு. அப்புறம்தான் குழாயத் தலைகீழா அறுத்துட்டோமோன்னு சந்தேகம் வந்துச்சு. வழியில திருப்புனீங்களா?"

நல்லதம்பி சாயா கிளாஸுக்குள் பார்த்தார்.

"கல்லு வந்துச்சு, திருப்பிட்டோம்" என்றார் சங்கையா.

விஷயத்தைக் கேட்டு ஜோமோள் புரையேறச் சிரித்தாள். "பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல படத்தைத் தலைகீழாப் போட்டா சரியாயிரும்."

சங்கையாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. திருப்பியதை இவ்வளவு சுலபமாகத் திருப்பலாமா? "சரிம்மா, நேராப் பாத்தா என்ன சொல்லுது?"

"அட்லாண்டிக்னு ஒரு சமுத்திரம், பெரியப்பா. சூடான தண்ணி அதுல வடக்க போகும். அங்க குளுந்து, உப்புக் கனத்துல அடியில முங்கி, அடிவழியாத் தெக்க திரும்பும். நான் சொன்ன பன்னெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால பனி உருகுன நல்ல தண்ணி கொட்டி மேல பரவிருச்சுன்னு சொல்றாங்க. நல்ல தண்ணி லேசு, முங்காது. முங்காததால திரும்ப வழியில்ல. ஓட்டமே படுத்துருச்சு. ஒரு மனுச ஆயுசுக்குள்ள வடக்க குளிரு ஏறிப்போச்சு. இங்க மழை மெலிஞ்சு, மேல காடெல்லாம் புல்லாச்சு."

"அங்கன தண்ணி திரும்பலன்னா இங்கன மழையில்லையா?" என்றார் நல்லதம்பி. "நம்ம பஞ்சாயத்துக் குழாய விட மோசமால்ல இருக்கு!"

சங்கையா சிரிக்கவில்லை. அட்லாண்டிக்கோடு அவருக்குத் தகராறு ஏதுமில்லை. ஆனால் லயத்து வழக்கப்படி திருப்பாமல் போனது வீட்டுக்கு வரும். இந்தப் பெண் படித்த படிப்பில், திரும்ப இடமில்லாமல் போனது வருவதில்லை. இரண்டில் ஒன்றை யாரோ தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் வலிக்கவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பது போலத் திரும்பக் கேட்டார்:

"வரவே இல்லையா?"

"வந்துச்சு பெரியப்பா. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

"வந்துச்சுல்ல" என்றார் சங்கையா. காலி கிளாஸை வாங்கிக்கொண்டு கழுவப் போனார். ஆயிரம் வருஷம் கழித்தும் வரும் என்றால் வாசலிலேயே காத்திருக்க வேண்டியதில்லை. அன்று இரவே கற்பகத்துக்குப் போன் போட்டு வருகிறேன் என்றார்.

வைகாசியில், இடவப்பாதி மழைக்கு முன் மருமகன் ஜெகன் ஜீப் கொண்டுவந்தான். மேலே சாலை அரித்துக் கிடந்ததால் வண்டி மாத்துக்கல்லோடு நின்றுவிட்டது. சாமான் எல்லாம் இறங்கியபின் கட்டில் மிச்சம் இருந்தது.

"ஏனுங்க மாமா, நம்மூட்டுல கட்டலு இருக்குதுங்க. இதயெதுக்குங்க தூக்கிட்டு?"

"இருக்கட்டும் மாப்ள. ரெண்டு பேரு படுக்கிற கட்டிலு."

ஜெகனுக்கு ஒன்றும் புரியவில்லை; தூக்கினான். முன்னால் ஜெகன், பின்னால் நல்லதம்பி, கட்டிலின் கால்மாடு முன்னே. குடையோடு சங்கையா கடைசியில் வந்தார். கல் வந்ததும் நல்லதம்பியின் தோள் தானாகத் தாழ்ந்தது. கட்டில் இறங்கியது, அரைவட்டம் அடித்தது.

"திருப்பாதடே!"

சங்கையா கத்தி யாரும் கேட்டதில்லை. நல்லதம்பி கட்டிலை விட்டு நிமிர்ந்தார்.

"இது கட்டிலுப்பா. பொணமா என்ன?"

"சேறும்தான் பொணமில்ல. பழையபடி வையி."

"எப்படி வெச்சா என்னங்க மாமா, ஊட்டுக்குத்தானுங்க போகுது" என்றான் ஜெகன்.

"அதுக்குத்தான் சொல்லுதேன் மாப்ள."

கட்டிலைப் பழையபடி வைத்து, கால்மாடு முன்னே இருக்க ஜீப்பின் மேலே கட்டினார்கள். நல்லதம்பி கயிற்றை இறுக்கும்போது சங்கையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு கழிந்தபின் ஜெகனுக்குத்தான் ஞாபகம் வந்தது.

"மாமா, ஊட்டுக் கதவப் பூட்டிட்டீங்களா?"

"சாத்திட்டேன்" என்றார் சங்கையா.