கொடி பிடித்தவரின் கல்லீரல்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய லியோனார்ட் கூண்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார். அவ்வளவு உடம்பு. ராயபுரத்தில் அவர்கள் பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சபைக்கு அவர்தான் கொடிக்காரர். திருவிழாப் பவனியில் சுரூபத்துக்கு முன்னால் அந்த நீலக் கொடி போகும். மதுவிலக்குக் காலம்; சட்டப்படி ஊரில் யாருமே குடிப்பதில்லை. உண்மையிலேயே குடிக்காதவர்தான் கொடியைத் தொடலாம்.

வயிறு கனக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நீள ஊசியால் ஈரலில் துளி எடுத்துப் பார்த்த டாக்டர், "ஈரல் முழுக்கக் கொழுப்பு" என்றார்.

கூட வந்திருந்த மனைவி இருதயம்மாளுக்கு ஈரல் கெட்டால் சாராயம்தான். அவள் அப்பா அப்படித்தான் போனார்.

"எங்க குடிக்கிற? கிரேன் மேலயா?"

"டீதாம்மே."

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா" என்றார் டாக்டர். "உடம்பு பெருத்தவங்க சிலருக்குக் குடல் சர்க்கரையை வேகமா உறிஞ்சிடும். அது நேரா ஈரலுக்குத்தான் போகும். மிஞ்சினது அங்கயே கொழுப்பா தங்கிடும்."

வெளியே வந்ததும், "டாக்டருக்கும் ஊத்திக் குடுத்துட்டியா?" என்றாள்.

மறுநாள் மீன் மார்க்கெட்டில், புருஷன் ஒளிந்து குடிக்கிறார் என்று அவளே சொன்னாள். மாலைக்குள் சபைச் செயலாளர் அம்புரோஸ் கொடியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். லியோனார்ட் பங்குச்சாமியாரிடம் போய் அழுதார். அம்புரோஸ் ஒரு நாள் முழுக்க அவர் கூடவே இருந்து பார்க்கட்டும் என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார்.

காலையில் ஜிலேபி. கிரேனுக்குக் கயிற்றில் ஏறிய தூக்கில் டீ, பாதி சர்க்கரை. மதியம் ஹுமாயூன் பாய் கடையில் சர்பத்து, அது இறங்குவதற்கு இன்னொரு சர்பத்து. வீடு திரும்பும் வழியில் அல்வா. எல்லாவற்றிலும் அம்புரோஸுக்கும் ஒரு பங்கு. கடைசியில் வாயை ஊதச் சொன்னபோது ஏலக்காய் மணத்தது. அன்று இரவே அம்புரோஸ் கொடியையும் எடுத்துக்கொண்டு லியோனார்டோடு கோயிலுக்கு வந்தார்; இருதயம்மாளும் வந்திருந்தாள்.

"சொட்டு சாராயம் இல்ல சாமி" என்றார் அம்புரோஸ். "எனக்குத்தான் கிறுகிறுன்னு கீது."

சாமியார் சிரித்தார். "அப்ப டாக்டர் சொன்னது சரி. கொடி உனக்குத்தான் லியோனார்ட். சர்க்கரையையும் விட்டுட்டேன்னு பீடத்துல சத்தியம் பண்ணு."

இருபது வயதில் சாராயத்தை விட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. இப்போது பீடத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

"திருவிழா முடிஞ்சி பண்ணட்டுமா சாமி?"

"கொடி வேணும்னா இப்பவே."

லியோனார்ட் சட்டைப்பையில் மிச்சமிருந்த அல்வாப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு நீ குடிச்சே தொலைச்சிருக்கலாம்" என்றாள் இருதயம்மாள்.

லியோனார்ட் கொடியை எடுத்து அம்புரோஸிடம் நீட்டினார்.

"கடக்கரைக் காத்துல கொம்பு சாயும் மாமு. ரெண்டு கையாலயும் புடி."