வலது கண்ணுக்கு ஒரு தோல்மூடி

அந்தத் தோல்மூடியை இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த அப்பா, லைனிங்குக்கான மெல்லிய ஆட்டுத்தோலில் வெட்டி, எலாஸ்டிக் கோத்துத் தந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஆறு வயது. என் இடது கண் சோம்பேறிக் கண். நன்றாகத் தெரியும் வலதை மூடினால்தான் இடது வேலை செய்யப் பழகும் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குக் கம்பெனி, அம்மாவுக்கு நர்ஸ் வேலை. பகலில் என்னைப் பார்த்துக்கொண்டது பெரியம்மா. அப்பா, அம்மா தலை மறைந்ததும் அவர் மூடியை வலதிலிருந்து இடதுக்குத் தள்ளிவிடுவார். "நீ தடவித் தடவி நடந்தா எனக்கு யாரு தண்ணி கொண்டாறது? வாயத் தொறந்தே, சூடு வெப்பேன்." சொன்னால் செய்கிறவர்தான். சாயங்காலம் அம்மா வருவதற்குள் மூடி மறுபடி வலதுக்கு வந்துவிடும். நாளாகியும் பரிசோதனையில் துளி முன்னேற்றமில்லை. "பொண்ணு ஏமாத்துது. கழட்டி வச்சிட்டு வெளாடுது" என்றார் பெரியம்மா. அம்மா என்னை அடித்து முடிக்கும்வரை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தார்.

கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் அவர் செய்தது என்னவென்று முழுதாகத் தெரிந்தது. கண் வெறும் வாசல். பார்ப்பது பின்மண்டையில் இருக்கும் நரம்புச் செல்கள். சாய்ந்த கோட்டுக்குத் துடிப்பது ஒன்று, நிமிர்ந்த கோட்டுக்குத் துடிப்பது வேறொன்று. சிறு வயதில் ஒரு கண்ணிலிருந்து சரியாகச் சேதி வராவிட்டால், ஆளில்லாத தறியைப் பக்கத்துக்காரன் பிடித்துக்கொள்வதுபோல அதன் செல்களை மற்றக் கண் பிடித்துக்கொள்ளும். வயது கடந்தபின் திரும்பக் கிடைப்பது அரிது. என் இடது கண்ணின் பார்வையைப் பெரியம்மா ஒரு குடம் தண்ணீருக்காகப் பறித்திருந்தார். அவர் நன்றாக இருக்கக்கூடாது என்று அன்றே ஜெபம் செய்தேன்.

வருடங்கள் கழித்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவரை அழைத்து வந்தார்கள். வலது பின்மூளையில் ரத்த அடைப்பு. எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடப்பாதி உலகம் இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்தச் சொன்னேன். இடப்பக்கத்தில் வந்த எதற்கும் அவர் அழுத்தவில்லை.

"கண்ணு ரெண்டும் நல்லாருக்குன்றாரு டாக்டரு. அப்பறம் ஏம்மா தெரியல?"

"நீங்க ஏமாத்துறீங்க பெரியம்மா."

சொல்லும்போது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு எதிரே உட்கார்ந்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லி, கைப்பையிலிருந்ததை எடுத்து அவருடைய இடப்பக்கம் பிடித்தேன். தெரியவில்லை. மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். நடுவைத் தாண்டியதும் அவர் முகம் செத்தது.

"இத இன்னும் வச்சினுக்கிறியா?"

"வச்சிருக்கேன்," என்றேன். "சொல்லுங்க, எந்தக் கண்ணுல போடட்டும்?"