சேகர் தொட்ட ஹார்மோனிகா

நான் சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு கல்யாண விருந்துகளில் ஹார்மோனிகா வாசிப்பேன். சென்ற மாதம் சிலிபினில் ஒரு விருந்து. மேடையேறும் முன் வாசித்துப் பார்த்தேன். அரைச்சுரத்துக்காக அழுத்தும் பக்கவாட்டுப் பொத்தான் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

முந்தின நாள் அதை வாங்கிப் பார்த்தவன் கீபோர்டு வாசிக்கும் சேகர். நான் தனியாக வாசிக்கவிருந்த பாட்டைத் தனக்குத் தரும்படி கேட்டவனும் அவன்தான்.

"என்னடா செஞ்சு வச்ச?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"சும்மா பார்த்தேன், அவ்ளோதான்லா மச்சான். குடு, கழட்டிப் பார்ப்போம்."

அவன் கையில் மறுபடி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒலிபெருக்கிக்காரரிடம் திருப்புளி வாங்கி நானே கழற்றினேன். பொத்தானோடு நகரும் மெல்லிய தகடு பழுப்பாகப் பிசுபிசுத்தது. முகர்ந்தேன். தே தாரிக் வாசம்! ஒவ்வொரு முறையும் வாசிப்பதற்கு முன் நான் குடிக்கும் அதே இனிப்புப் பால் டீதான்.

தகட்டை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து மாட்டியதும் பொத்தான் சரளமாக நகர்ந்தது. மேடையில் சேகர் கீபோர்டில் துணை வாசித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கியதும் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

"கத்துனது மட்டும் எல்லார் முன்னாலயும், இல்ல?" என்றான்.

அடுத்த பயிற்சியில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

இப்போது வாய் கொப்பளிக்காமல் வாசிப்பதில்லை. மாதம் ஒருமுறை தகட்டைக் கழுவுகிறேன். பொத்தான் சிக்கினால், வாயைத் திறக்கும் முன் திருப்புளியை எடுக்கிறேன்.