கர்ணபீர் வெள்ளைத் தொப்பி போட்டுப் போனது

கர்ணபீர் ரோகாயாவின் தலை வேர்க்கும் தலை. மாசிப் பனியில் நேபாள மலையிலுள்ள எங்கள் ஜும்லாவே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது, அவன் சுமையைத் தூக்கிக்கொண்டு நூறடி ஏறினால் போதும், காதோரம் வேர்வை கோடு கோடாக இறங்கும். ஊரில் கேலி செய்யாத ஆள் கிடையாது. கடைசியில் அந்தத் தலைக்கும் ஒரு வேலை வந்தது. மலையேறுகிறவர்களுக்குக் கம்பளி உடுப்பு செய்யும் ஒரு சின்னப் பட்டறை காத்மாண்டுவில் இருக்கிறது. அதன் முதலாளி ரஞ்சித்கார் புதிதாக எந்தத் தொப்பி செய்தாலும் முதலில் கர்ணபீருக்கு அனுப்பி, பனியில் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்வார்.

போட்டுப் பார்ப்பது என்றால் கண்ணாடி முன்னால் நிற்பது அல்ல. சுமையோடு ஏற வேண்டும், இறக்கத்தில் ஓட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டே தூங்க வேண்டும், நனைந்ததைக் கோலில் மாட்டி எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்து அவன் சொல்லச் சொல்ல அவன் மனைவி ராஜுகலா, ரஞ்சித்காரின் கேள்வித் தாளில் எழுதுவாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், வாய் அப்படி இருக்காது.

"ஒம்போது நாள் தொவைக்காம நாறுச்சான்னு கேட்டிருக்கு. நாத்தம் தொப்பியோடதா, தலையோடதா? எதை எழுத?"

"ரெண்டுமில்ல, பொண்டாட்டி மூக்கோடதுன்னு எழுது."

இந்த முறை வந்தது லேசான கம்பளித் தொப்பி. ஒரு கோழிமுட்டை எடைகூட இல்லை. போன வருடம் அனுப்பியதில் தையல் சரியாக நெற்றியில் வந்து, சுமையை நெற்றியில் தாங்கும் பட்டை அதன் மேல் அழுந்தி, அவனுக்கு நாள் முழுக்கத் தலைவலி. அதைச் சொன்னதால் இப்போது தையலைப் பின்னந்தலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஒரே அளவில் இரண்டு தொப்பிகள். ஒன்று சாயம் போடாத வெள்ளை, மற்றது ஆரஞ்சு.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கர்ணபீரின் அப்பா இறந்து வருடம் முடியப் போகிற நேரம். எங்கள் பக்கத்தில் தகப்பன் போனால் மகன் ஒரு வருடம் வெள்ளைதான் உடுத்த வேண்டும். தொப்பியிலிருந்து துணிச் செருப்பு வரை வெள்ளை. தோல் கூடாது, நிறம் கூடாது. இந்தக் காலத்தில் பலரும் சுருக்கிக்கொள்கிறார்கள். கர்ணபீரின் தம்பி தன்பீர் ஆறாவது மாதமே பூசை செய்து முடித்துக்கொண்டு நீலச் சட்டைக்கு மாறிவிட்டான். ராஜுகலா அவனைச் சும்மா விடவில்லை.

"என்ன கொழுந்தனாரே, உங்கப்பா பாதிதான் செத்தாரா?" என்று முற்றத்தில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டாள். தன் வீட்டில் வருடம் முழுதாக நடக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. மருமகள் என்று அவளும் வெள்ளைச் சேலை, வெள்ளைப் போர்வையோடுதான் கிணற்றுக்குப் போய் வந்தாள்.

புறப்படுவதற்கு முந்தின இரவு கர்ணபீர் ஆரஞ்சுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"ரஞ்சித்கார் இதைத்தான் போடச் சொன்னாரு. பனியில கண்ணுக்குத் தெரியும்னாரு."

"வருஷம் முடிய இன்னும் எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"பதினொரு நாளுக்காக வருஷம் பூரா இருந்ததைக் கெடுக்கப் போறீங்களா? மாமாவோட ஆத்மா அங்க நடு வழியில நிக்கட்டும்னு விட்டுடலாமா?"

அவன் வெள்ளையை மாட்டிக்கொண்டான். சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. ஆனால் மறுநாள் ராஜுகலா இருட்டோடு எழுந்து அவன் பையில் ரொட்டி கட்டிவைக்கப் போனபோது, அடியில் சுருட்டி வைத்த ஆரஞ்சுத் தொப்பி அவள் கையில் தட்டுப்பட்டது. தனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறான் என்று அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அதை எடுத்து பாப்பரைத் தானிய மாவுப் பெட்டிக்குள் திணித்து மூடினாள். சொல்லவில்லை. வந்த பிறகு நல்ல வாய்ச்சண்டைக்கு ஆகும் என்று நினைத்தாள்.

கணவாயைத் தாண்டி மேலே ஆட்டுக்கொட்டில் வரை போய்த் திரும்ப ஆறு நாள். ஆறாம் நாள் மாலை அவன் வரவில்லை. ஏழாம் நாள் காலையும் வரவில்லை. முந்தின இரண்டு இரவும் மேலே பனி கொட்டியிருந்தது. தன்பீர் காத்மாண்டுவுக்குப் போன் போட்டான். மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் எழும்பாது என்றார்கள். ரஞ்சித்கார் மட்டும் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்.

"ஆரஞ்சுத் தொப்பி இருக்கு அவர்கிட்ட. தூரத்திலிருந்தே தெரியும். அந்த நிறத்தைப் பார்த்துத் தேடுங்க."

"அண்ணன் போடாட்டியும் பையில வெச்சிருப்பான்" என்றான் தன்பீர். "ஆபத்துன்னா எடுத்து ஆட்டுவான். அவ்வளவு புத்தி இருக்கு அவனுக்கு."

ராஜுகலா சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆறு மாதமாகத் தன்னிடம் குத்துப் பேச்சு வாங்கிய கொழுந்தன் எதிரே நின்றான். தேடினால் எப்படியும் கிடைத்துவிடுவான், எந்தத் தொப்பியாக இருந்தால் என்ன என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் வாய் திறந்திருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆறு பேர் கிளம்பினார்கள். மேய்ப்பன் பிர்க்கே வழி காட்டினான். வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தும் ராஜுகலா ஏழாவது ஆளாகப் போனாள்.

அன்று முழுவதும் ஆறு ஜோடிக் கண்கள் ஆரஞ்சைத் தேடின. தூரத்தில் ஏதாவது நிறம் தென்பட்டால் ஓடினார்கள். ஒரு தடவை காய்ந்த புதர், ஒரு தடவை யாரோ போட்டுப்போன பிஸ்கட் உறை. மேடான இடத்துக்குப் போய் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சரிவைப் பார்த்து, "இங்க ஒண்ணுமில்ல" என்று சொல்லி அடுத்த மேட்டுக்குப் போனார்கள். நிறத்தைத் தேடுகிறவனுக்கு அப்படித்தான் நடக்கத் தோன்றும். கணவாய்க்குக் கீழே ஓர் ஓடை விழும் பள்ளத்தில் காற்றுக்கு ஒதுங்கி நின்று, குடுவையிலிருந்த உப்புத் தேநீரைக் குடித்தார்கள். ஓடை இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு "ஒண்ணுமில்ல"வுக்கும் ராஜுகலாவின் உயிர் ஒரு பிடி குறைந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. நேரம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. காலையில் சொல்லியிருந்தால் திட்டு மட்டும் கிடைத்திருக்கும். மாலையில் அது ஒரு நாளைத் தின்ற குற்றமாகிவிட்டது.

இரவு கணவாய்க்குக் கீழேயே இருந்த பிர்க்கேவின் கொட்டிலில் தங்கினார்கள். அவள் கண்ணை மூடவில்லை. இது அவனுக்கு எத்தனையாவது இரவோ என்று எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் விடிந்ததும், யாருக்கும் காத்திருக்காமல் அவள் தனியாகச் சரிவில் இறங்கினாள். நூறடி போயிருப்பாள். பின்னாலிருந்து தன்பீர் கத்தினான்.

"அண்ணி! எங்க இருக்கீங்க?"

"இங்கதான்!"

"எங்க? கைய ஆட்டுங்க!"

அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். தன்பீர் அவள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிர்க்கேவும் பார்த்தான். மேய்ப்பனின் கண், மூன்று மலைக்கு அப்பால் ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற கண். அதுவும் அவளைத் தாண்டி எங்கேயோ துழாவியது. வெள்ளைச் சேலை, வெள்ளைப் போர்வை, பின்னால் வெள்ளை. கத்தியபடியே அவர்கள் இறங்கி வந்து முப்பதடியில்தான் அவளைக் கண்டார்கள்.

"உசிரே போயிடுச்சு அண்ணி. ஆளே தெரியல!"

ராஜுகலா அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்கிட்ட ஆரஞ்சு இல்ல தம்பி."

"என்ன?"

"பையில வெச்சிருந்தாரு. நான் எடுத்துட்டேன். மாவுப் பெட்டியில கெடக்கு. அவரு மேல இருக்கற எல்லாமே வெள்ளை. தொப்பி, சட்டை, செருப்பு, போர்வை, சுமைச் சாக்குகூட வெள்ளை."

தன்பீர் கோலைப் பனியில் ஓங்கிக் குத்தினான். முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. அடித்துவிடுவான் என்றே பிர்க்கே நினைத்து நடுவில் வந்து நின்றான்.

"நேத்துப் பூரா..." என்றான் தன்பீர். "நேத்துப் பூரா நாங்க பாத்ததெல்லாம் பார்வையே இல்ல. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன அண்ணி? அப்பா செத்ததுக்கு அந்தப் பேச்சு பேசத் தெரிஞ்சுதுல்ல!"

"அடி தம்பி. அடிச்சுட்டுத் தேடு."

அவன் அடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆட்களைத் திரட்டினான். இனி மேட்டில் நின்று பார்ப்பது கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்று, கோலால் பனியைக் குத்திக்கொண்டே, நேற்றுப் பார்த்து முடித்த இடங்களிலெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். ஓர் ஆள் ஓர் அடியைக்கூட விடக் கூடாது. முதல் சரிவு முடியவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ராஜுகலாவின் விரல்கள் மரத்துப்போயின. கோல் கல்லில் முட்டும்போதெல்லாம் குனிந்து கையால் பனியைத் தோண்டிப் பார்த்தாள். உயிரோடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பின்பு எப்படியாவது கிடைத்தால் போதும் என்று கேட்க ஆரம்பித்தாள். அப்படிக் கேட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓடைப் பள்ளத்தில் பிர்க்கேவின் கோல் மெத்தென்று எதிலோ பதிந்தது.

"இங்க! இங்க வாங்க!"

பாறை முன்னுக்கு நீட்டிய இடத்தில், பனி மூடிய போர்வைக்குள் கர்ணபீர் சுருண்டு கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் கோணியிருந்தது. உதடு கறுத்திருந்தது. தன்பீர் காதை மூக்கருகே வைத்தான்.

"இருக்கு! மூச்சு இருக்கு!"

நெருப்பு மூட்டினார்கள். வாயில் சூடாக ஒரு முழுங்கு தேநீர் விட்டார்கள். செருப்பைக் கழற்றியபோது விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. தன்பீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலை மட்டும் தொப்பிக்குள் கதகதப்பாக, காதுகள் சிவப்பாக இருந்தன. வெகு நேரம் கழித்துக் கர்ணபீர் கண் திறந்து ராஜுகலாவைப் பார்த்தான். நெஞ்சில் அடிபட்டதால் குரல் காற்றாகத்தான் வந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"நேத்து இங்கதான் நின்னு டீ குடிச்சீங்க."

அவள் தலையாட்டினாள்.

"கூப்பிட்டேன். சத்தம் வரல. கையத் தூக்கினேன். நீ நேரா என்னையே பாத்த."

ராஜுகலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாறையடியில் பனி லேசாக எழும்பி விழுந்ததைப் பார்த்தாள். காற்று என்று நினைத்துக் குடுவையை அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றான் அவன். "உனக்குத் தெரியாம அந்த ஆரஞ்சுத் தொப்பிய பையில வெச்சேன். நேத்து உங்களப் பாத்ததும் தேடினேன். காணோம். எங்கயோ விழுந்துடுச்சு போல." மூச்சு வாங்கினான். "தலையில வெக்க இல்ல. சும்மா கையில ஆட்டத்தான் தேடினேன். கோவிச்சுக்காத. அப்பாவோட வருஷம் கெடல."

சுற்றி நெருங்கி நின்று கேட்ட ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன்பீர்கூட.

"விழல" என்றாள் ராஜுகலா. "நான்தாங்க எடுத்தேன். நான்தான் எடுத்து வெச்சேன்." அவன் தலையை மடியில் அணைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கதறினாள். அவன் கண்கள் அதற்குள் மூடியிருந்தன.

அவன் பிழைத்தான். இடது காலில் விரல்கள் இல்லை, சுமை தூக்குவது போயிற்று. அவள் சொன்னது அன்று அவன் காதில் விழுந்ததா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவனாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவளுக்குக் கேட்கத் தைரியம் வந்ததில்லை.