அவளையே கூப்பிடச் சொல்லு

எங்கள் அம்மையின் குரலைப் பெரியப்பா கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்து, அம்மை பொங்கிய சோற்றைத் தினமும் சாப்பிட்டவர்தான். ஆனாலும் கேட்டதில்லை. கணவனுடைய அண்ணன் கண்ணில் படக்கூடாது, அவரோடு பேசக்கூடாது, அவர் காது கேட்கச் சத்தம் வைக்கவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். நாஞ்சில் நாட்டை விட்டுத் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கம்போளத்தில் அரிசிக்கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே வீடும் கட்டிக்கொண்டோம். ஊரை விட்டோம், வயலை விட்டோம், அந்த வழக்கத்தை விடவில்லை. இப்போதுள்ள பெண்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு.

சோறு ஆயிற்று என்றால் அம்மை அகப்பையால் வெண்கலப் பானையின் விளிம்பில் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியப்பா கூடத்தில் இலை முன்னால் வந்து உட்காருவார். அப்பாவுக்கும் அந்தத் தட்டுதான். அப்பாவோடு அம்மை பேசாமல் இல்லை. ஆனால் அண்ணன் கூடத்தில் இருக்கும்போது பேசக்கூடாது. அண்ணனோ எந்நேரமும் கூடத்தில்தான் இருந்தார்.

தட்டிச் சொல்ல முடியாததைச் சொல்ல நான் வேண்டும். அம்மை அடுக்களையில் என் காதோடு சொல்வாள். நான் கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்வேன். பெரியப்பா சொல்லும் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடுவேன். நடுவில் இருந்தது ஒரு கதவுதான். பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது எனக்கு. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒருத்தர் சொன்னதைச் சிந்தாமல் இன்னொருத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு முன்னாலேயே கற்றுக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேச்சே நின்றுபோகும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது முழுக்கப் பொய்யும் இல்லை.

பெரியம்மையை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அவளுக்குத் தட்டும் வழக்கமெல்லாம் கிடையாதாம். மூத்த மருமகள், யாருக்கு அடங்க வேண்டும்? கதவருகில் நின்று ஒரு கூப்பாடு போட்டால் கடையில் அரிசி அளந்துகொண்டிருக்கிற பெரியப்பா படியைப் போட்டுவிட்டு எழுந்து வருவாராம்.

பெரியப்பாவுக்கு வந்தது என்ன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அடுத்த வீட்டுப் பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷர் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று அவர்களும் இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஆரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்தார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்டைச் சொன்னேன். எதைச் சொன்னாலும், "அப்படியா, நல்ல குடும்பம்" என்றார். எங்கள் வீட்டைச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னார்.

அப்புறம் ஒரு மத்தியானம், "பெரியம்மை எங்க போயிருக்கா?" என்று கேட்டார்.

"பெரியம்மைதான் செத்துப் போயாச்சே" என்றேன். தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. உள்ளே அம்மை பானையைப் படபடவென்று தட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் மறுபடி, "பெரியம்மை எங்கே?" என்றார். நான் அப்பாவிடம் ஓடினேன். அப்பா கடையிலும் வீட்டிலும் ஒரே படிக்கணக்கு உள்ளவர்; குறைத்து அளக்கவும் மாட்டார், கூட்டிச் சொல்லவும் மாட்டார். "உள்ளதைத்தான் சொல்லணும்" என்று அவரே வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்து, பெரியம்மைக்கு வந்த காய்ச்சல், வைத்தியர் வந்தது, எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடத்தியது, எல்லாம் முறையாகச் சொன்னார். பெரியப்பா கேட்டு அழுதார். "எங்கிட்ட ஆரும் சொல்லலியேடா" என்று தம்பியைக் கோபித்தார். மறுநாள் திரும்பவும் கேட்டார். அப்பா திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். எங்கள் வீட்டில் பெரியம்மை தினமும் செத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் பெரியப்பா சாப்பாட்டை நிறுத்தினார். தட்டினால் வந்து உட்காருவார். கை சோற்றில் போகாது. அடுக்களைக் கதவையே பார்ப்பார். சோறு ஆறி, குழம்பு இலையில் படர்ந்து காய்ந்து, கடைசியில் எழுந்து போவார். அப்பா ஊட்டிப் பார்த்தார், வாயை இறுக்கிக்கொண்டார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். கிழக்கேகோட்டை வாசலில் போகிற பெண்களையெல்லாம் நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்.

கோட்டாற்றிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், பெரியப்பாவுக்கு இளையவள். வந்த அன்றே விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். விதுராவுக்கும் அப்பால் மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். இப்படிப்பட்டவர்களைக் காலில் சங்கிலி போட்டு ஒரு கொட்டகையில் வைத்துத் தலையில் எண்ணெய் வார்ப்பாராம்.

"சங்கிலியா?" என்றார் அப்பா.

"பின்ன, ரோட்டுல போற பொம்பளையளை மறிச்சுக்கிட்டு நிக்கட்டும்னு விடுவியா? இங்க இருந்தா பட்டினி கிடந்து சாவாவ. நாளைக்கு ஒங்க கடையில வந்து அரிசி வாங்குவானா ஒருத்தன்?"

அப்பா சாயங்காலம் போய் மாட்டுவண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளைக்கு மறுநாள் விடிந்ததும் வண்டி வரும். நான் பெரியப்பாவின் காலைப் போய்ப் பார்த்தேன். சங்கிலி எந்தக் காலில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

வண்டி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கடையில் இருந்தார். அம்மை தட்டினாள், பெரியப்பா வந்து உட்கார்ந்தார். அம்மை என் கையில் இலையைக் கொடுத்து, அதில் வைக்க வேண்டியதையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வைத்தேன். பெரியப்பா கை நகரவில்லை.

"சாப்பிடச் சொல்லுட்டி" என்று அம்மை என் காதில் சொன்னாள்.

"பெரியப்பா, சாப்பிடச் சொல்லுகா."

"ஆரு?"

"அம்மை."

"எங்க அம்மையா?"

"இல்ல, எங்க அம்மை."

கொஞ்சம் யோசித்தார். "ஒங்க அம்மை ஆரு?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மை அம்மைதான், வேறு யார்? "உள்ள இருக்கா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "உள்ளதான் இருக்காளா? பின்ன என்னத்துக்குப் பானையத் தட்டுகா? வாய் இல்லியா அவளுக்கு?"

ஓடிப்போய் அம்மையிடம் அப்படியே சொன்னேன். என் வேலையில் நான் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அம்மை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்ப வந்தேன். பெரியப்பா கதவைப் பார்த்தபடி, "அவளையே கூப்பிடச் சொல்லு. அவ கூப்பிட்டாத்தான் சாப்பிடுவேன்" என்றார். அதையும் கொண்டுபோனேன்.

அம்மை கையிலிருந்த அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா எங்க நிக்காவன்னு பாரு" என்றாள். எட்டிப் பார்த்தேன். யாருக்கோ அரிசி அளந்துகொண்டிருந்தார். வந்து சொன்னேன். அம்மை அகப்பையைக் கீழே வைத்தாள். கதவுக்குப் பின்னால் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தா, கேக்கேளா? சோறு ஆறிட்டு. சாப்பிடுங்கோ."

அது என் அம்மையின் சத்தமே இல்லை. நூல் மாதிரி மெல்லிசாகப் பேசுகிறவள் அவள். இது தெருவுக்குக் கேட்கிற சத்தம்.

"ஆங், இப்பந்தான் வாயத் தொறக்கா" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா சோற்றைப் பிசைந்தார். தின்றார். தீயல் குழம்பு இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். "புளி கூடிப்போச்சு" என்றார். "நாளைக்குக் குறைக்கேன்" என்றாள் உள்ளேயிருந்து. கோட்டாற்றிலிருந்து கடைக்கு அரிசி வண்டி வந்ததா என்று கேட்டார். வந்துவிட்டது என்றாள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், கொண்டுபோக ஒன்றும் இல்லாமல். பொறுக்க முடியாமல், "நாளைக்குக் குறைக்காளாம்" என்று அம்மை சொன்னதை நானும் ஒரு தடவை சொன்னேன். "நீ என்னத்துக்குப் பிள்ளே ஊடே பேசுகே?" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள நடையில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். கையில் படி, படி நிறைய அரிசி. எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. அடுக்களைக் கதவைப் பார்த்தார். திரும்பிப் போனார். ஒரு மணி கீழே விழாமல் அளக்கிறவர், அன்றைக்கு நடை நெடுக அரிசி சிந்தியிருந்தது. நான்தான் பொறுக்கினேன். அப்பா அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை.

அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "நல்லாருக்கு. புருசனுக்க அண்ணனைப் பொண்டாட்டி மாதிரி கூப்பிட்டாளாமே. நாலு கடைக்குக் கேட்டிருக்கு." அம்மை தலையைக் குனிந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்பா உள்ளே வந்தார். அம்மை கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் இருந்தாள். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க அம்மைகிட்டச் சொல்லு. நாளைக்கும் கூப்பிடணும்னு சொல்லு. வண்டி வரண்டாம்னு சொல்லியாச்சு."

"நீயால இதைச் சொல்லுகே?" என்றாள் அத்தை.

"அண்ணன் சாப்பிட்டாவளா இல்லியா, அதைச் சொல்லு" என்றார் அப்பா.

எனக்கோ அளவில்லாத சந்தோஷம். பெரியப்பாவிடம் பறிபோன வேலை அப்பாவிடம் கிடைத்துவிட்டது. அன்று முதல் அப்பாவும் அம்மையிடம் எதையும் என் மூலமாகத்தான் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை கிடைத்தவள் காரணம் கேட்பாளா?

ஆனால் வேறு ஒன்று என்னைக் குழப்பியது. பெரியப்பா பெரியம்மையோடு பேசுகிறார், பெரியம்மையும் பதில் சொல்கிறாள். அப்படியானால் அவள் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? நெல் பத்தாயத்துக்குப் பின்னால் பார்த்தேன். விறகு அடுக்கிய இடத்தில் பார்த்தேன். கடைசியில் அம்மையிடமே கேட்டுவிட்டேன்.

"நீதான் பெரியம்மையா?"

"மத்தியானத்துக்கு மட்டும்" என்றாள் அம்மை, பானையைக் கவிழ்த்துக்கொண்டே.

அப்படியென்றால் மத்தியானத்தில் எனக்கு யார் அம்மை என்று கேட்கத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட சமயம் ஒருநாள் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் உடம்பு தேறியிருந்தது. சோற்றில் வைத்த கையோடு, கதவைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எம்மேல உள்ள கோபம் இன்னும் தீரல்லியா?"

என்ன கோபம், எந்தக் காலத்துக் கோபம் என்று அம்மைக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியுமோ என்று பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை மட்டும் பெய்தது.

"அது எப்பமோ தீந்துட்டு" என்றாள் அம்மை. "சாப்பிடுங்கோ."

பெரியப்பா தலையை ஆட்டினார். அதற்கப்புறம் அவர் பெரியம்மை எங்கே என்று யாரையும் கேட்டதில்லை. நான்தான் அன்று முழுவதும் அம்மையை விடவில்லை. என்ன கோபம், யார் மேல் கோபம் என்று நச்சரித்தேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அடுத்தவர் சாமானைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அடுத்தவளுடைய கோபத்தை இவள் எப்படித் தீர்க்கலாம்?

ஐப்பசியில் பெரியப்பா போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து அண்ணனென்றும் அப்பனென்றும் அவரவர் முறை சொல்லி அழுதார்கள். அம்மை மட்டும் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். எந்த முறை சொல்லி அழுவாள்? அத்தைதான் எழுந்து போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். கூடம் வெறிச்சென்றிருந்தது. மத்தியானம் அகப்பை பழையபடி பானையில் தட்டியது. அப்பா வந்து உட்கார்ந்தார். இலை வைத்தேன், சோறு வைத்தேன். அவர் கை சோற்றில் போகவில்லை. அடுக்களைக் கதவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒங்க அம்மைய" என்று நிறுத்தினார். பிறகு, "அவளையே கூப்பிடச் சொல்லு" என்றார்.

பெரியப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. அடுக்களைக்கு ஓடினேன். "அம்மை, அப்பாவுக்கும் வந்துட்டு" என்றேன்.

"என்னது வந்துட்டு?"

சொன்னேன். அம்மை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. பிறகு அகப்பையை வைத்துவிட்டுக் கதவருகில் போனாள். தெருவுக்குக் கேட்கிற அந்தச் சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. நூல் மாதிரி அவளுடைய சொந்தச் சத்தம்தான் வந்தது.

"சோறு ஆறுகு. சாப்பிடுங்கோ."

அப்பா சாப்பிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும், அதற்குப் பிறகு வெகுநாளும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அப்பா என்னை எப்போது கேட்கப்போகிறாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.