கடையில் ஓடியது, மயிலாப்பூரில் நின்றது

அந்த மெஷின் மறுபடியும் தி.நகர் கடைக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேமிங் கம்ப்யூட்டர்களில் கனமான ஒரு கார் ரேஸ் கேமை மணிக்கணக்கில் ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா, படம் திக்குகிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. நான் பாஸ் போட்டது திரும்பி வந்தால் என்னையே குறை சொன்னது போலிருக்கும். இதுவோ, கடையில் சும்மா பறக்கும். மயிலாப்பூரில், வாங்கிய அம்மாவின் வீட்டில், பாதி ஆட்டத்தில் அணைந்துவிடும்.

முதலாளி சலித்துவிட்டார். "இன்னா நைனா, வயசான அம்மாவுக்கு இம்மாம் பெரிய கேம் மெஷின் எதுக்கு? சாதா லேப்டாப் ஒண்ணு குட்த்து அனுப்பு. சும்மா அலைஞ்சிகினு கீற."

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"லேப்டாப்லாம் வேண்டாம்ப்பா," என்றார் மாமி. "டொரண்டோல இருக்கற என் பையன் போன்ல கூப்பிட்டா, சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சுடுவான். ரெண்டு பேருமா இந்த கார் ரேஸ் ஆடிண்டே பேசினா ஒரு மணி நேரம் பேசறான். பாதில மெஷின் நின்னா அவனுக்கு வேற வேலை ஞாபகம் வந்துடறது."

அதற்குமேல் என்னால் எரிச்சல்பட முடியவில்லை. ஞாயிறு காலை மெஷினைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பிளக், எர்த், வோல்டேஜ் எல்லாம் சரி. என் டெஸ்ட் அங்கேயும் ஒழுங்காக ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாமி, வழக்கமா எப்படி ஆடுவீங்களோ அப்படியே ஆடுங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

மாமி ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு கெட்டிப் போர்வையை எடுத்துவந்து, குழந்தைக்குப் போர்த்துவது போல மெஷினின் கேபினெட்டை நாலு பக்கமும் மூடினார்.

பதறி எழுந்துவிட்டேன். "மாமி! என்ன இது?"

"எப்படி இரையறது தெரியுமோ? நான் பேசறது அவனுக்குக் கேக்க வேண்டாமா?"

"நான் வந்தப்ப போர்வை இல்லையே?"

"நீங்க வரேள்னு மடிச்சு வெச்சேன். ஆத்துக்கு மனுஷா வரப்போ அலங்கோலமாவா வெப்பா?"

உள்ளே சூட்டுக்கு வெளியேற வழியில்லை. கிராபிக்ஸ் கார்டு பாவம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. போர்வையை உருவினேன். ஃபேனையும் போட்டேன். மாமி பையனைக் கூப்பிட்டதும், சத்தம் எவ்வளவு போகிறது என்று அவனையே கேட்கலாமென்று ஸ்பீக்கரை ஆன் செய்தேன். ரேஸ் தொடங்கியது.

"என்னம்மா இரைச்சல்? ஃபேனா?"

மாமி என்னை முறைத்தார். "ஆமாண்டா. இதோ அணைச்சுடறேன்."

"அணைக்காதே. இந்த வெயில்ல இத்தனை நாளா ஃபேன் இல்லாமயா உக்காந்திருந்தே?"

மாமி தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபேன் ஓடட்டும்மா. எனக்கு நன்னாவே கேக்கறது. நீ பேசு."

அன்றைக்கு மெஷின் நிற்கவேயில்லை, மாமியும்தான். நான் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் பாஸ் ஆனதும் பையைத் தூக்காதீர்கள். மெஷினுக்கு முன்னால் உட்காரப்போகிறவரை ஒரு ஆட்டம் ஆடச் சொல்லி, கூடவே உட்கார்ந்து பாருங்கள்.