சோற்றுக்கடைக்காரி பார்த்த வீடு

சிவாஜினிக்கு ஒரு சொந்த வீடு வேண்டும். சிறுமியாகத் திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாள் முதல் அவள் படுத்து எழும்பியதெல்லாம் பிறத்தியாருடைய கூரைக்குக் கீழேதான். இப்போது துறைமுக வாசலுக்கு அருகே சோற்றுப் பார்சல் கடை வைத்திருக்கிறாள். சமையல் வாடகை வீட்டில். வீட்டுக்காரி புகை என்பாள், மீன் மணம் என்பாள், தண்ணீரை அள்ளி ஊற்றுகிறீர்கள் என்பாள். சிவாஜினியோடு தேங்காய் துருவி வெங்காயம் உரிக்கும் நானும் சேர்ந்துதான் அந்த ஏச்சு வாங்குவேன். திருப்பிக் கொடுக்க எனக்கு நாக்குத் துடிக்கும். சிவாஜினி கண்ணைக் காட்டி அடக்கிவிடுவாள்.

அப்படியிருக்கையில்தான் உட்துறைமுகப் பக்கம் ஓர் ஒழுங்கையில் சிவகுருநாதன் ஐயாவின் வீடு விலைக்கு வந்தது. ஐயா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் 'பிள்ளை, பிள்ளை'. கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம்.

எங்கள் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்ப்பதற்கு முதல் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். கடல் பக்கத்தில் என்பதால் பல கிணறுகள் உவர். அதைக் கண்டுபிடிக்க எல்லோரும் நம்பியிருப்பது பால் விடாத வெறுந்தேத்தண்ணியை. உவர்த் தண்ணீரென்றால் சாயம் கறுத்துப்போகும். சிவாஜினி தேயிலைப் பைக்கற்றோடுதான் போனாள். ஐயாவின் குசினியிலேயே தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினோம். நல்ல சிவப்பு. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடுப்பை எங்கே கட்டுவது என்று அங்கேயே பேசத் தொடங்கிவிட்டாள். நானும் இரண்டு குவளை குடித்தேன்.

கனடாவில் இருக்கும் அவளுடைய தமையன் மட்டும், படித்த ஒருவரைக் கொண்டு வீட்டைப் பரிசோதிக்காமல் கையெழுத்து வைக்காதே என்று ஒற்றைக் காலில் நின்றார். அதனால் மூதூரைச் சேர்ந்த றிகாஸ் என்ற இஞ்சினியர் வந்தார். கூரையில் ஏறினார், சுவரைத் தட்டினார், கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை வந்த பின்னேரம் சிவாஜினியின் கணவன் ரஜீவன் அதை எல்லோருக்கும் வாசித்தான். அவன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவன். சாமியறைச் சுவரில் ஒரு வெடிப்பு இருப்பதாக முதற் பக்கத்திலேயே பெரிய படம். அவனுடைய தாய் கமலேஸ்வரி அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்த வீடு குடும்பத்துக்கு ஆகாது என்றார். பிறகு கூரை மரத்தில் கறையான், பழைய வயரிங். அதற்கும் படங்கள். ரஜீவனின் முகம் தொங்கிப்போயிற்று. கடைசிப் பக்கத்தில் படம் ஒன்றும் இல்லை. கிணற்று நீரில் மலக்கிருமி உண்டு, குடிக்கவும் சமைக்கவும் உகந்ததல்ல என்று இரண்டே வரி.

அதற்குக் கமலேஸ்வரி மாமி, எந்தக் கிணற்றில்தான் இல்லை, காய்ச்சினால் சரி என்றார். ரஜீவனும் தலையாட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சுவர் வெடிப்புக்கு நடுங்கிய ஆட்கள் பீத்தண்ணிக்கு ஒரு சுளிப்புக் காட்டவில்லை.

சிவாஜினி றிகாசுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, படம் போட்டதெல்லாம் திருத்தலாம்," என்றார் அவர். "வெடிப்பு, சுவர்ப் பூச்சிலதான். மேசன் வந்து பூசினாச் சரி. தண்ணியைத்தான் திருத்த ஏலாது."

அது மணல் நிலம். கக்கூசுக் குழிக்கு அடியில் சீமெந்து இல்லை, ஊறுவதெல்லாம் கிணற்றுக்குத்தான் போகிறது. இரண்டையும் விலக்கி வைக்க அந்தக் காணிக்குள் இடமில்லை, மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி வேறு. ஒழுங்கைக்குள் குழாய்த் தண்ணீரும் இன்னும் வரவில்லை. உவரைத்தான் தேத்தண்ணி காட்டும், இதைக் காட்டாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். காய்ச்சினால் என்ன என்று சிவாஜினி கேட்டாள். குடிப்பதைக் காய்ச்சுவீர்கள், கீரை கழுவுவதையும் சம்பலுக்கு விடுவதையும் காய்ச்சுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அடுத்த நாள் சிவாஜினி, ரஜீவன், நான் மூவரும் ஐயாவிடம் போனோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டு அறிக்கையைப் புரட்டிவிட்டு, வந்ததற்கு ஏதாவது எழுதத்தானே வேண்டும் என்று சிரித்தார். இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் தன் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்றார். அவருக்குப் பின்னால் குசினிக் கதவு திறந்திருந்தது. மேசைக்குக் கீழே கடையில் வாங்கிய நீலத் தண்ணிக் கான்கள் அடுக்கியிருந்தன. நாங்கள் தேத்தண்ணி ஊற்றிய அன்று அங்கே ஒரு கானும் இல்லை. அது யாருக்கு என்று நான் கேட்டேன்.

"அது நாங்கள் குடிக்கிறதுக்கு, பிள்ளை."

கொஞ்சமும் கூசவில்லை. பிறகு சிவாஜினியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் கடைக்குத்தானே சமைக்கப் போறீங்கள். அதைத் தின்னப்போறது துறைமுகத்தில வேலை செய்யிற ஆக்கள். உங்கட வீட்டுக்கு மட்டும் ஒரு கான் எடுத்தாச் சரிதானே."

கோயில் முன் வரிசையில் நிற்கும் மனுசன். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு. சிவாஜினி எழும்பி வெளியே வந்தாள்.

ஒழுங்கை முடியும் மட்டும் நடந்தோம். பிறகு ரஜீவன் மெல்லத் தொடங்கினான்.

"அவர் சொல்லுறதிலயும் ஒரு ஞாயம் இருக்கு. இப்பிடி ஒரு வீடு இனிக் கிடைக்காது."

சிவாஜினி நின்றாள். அவளைவிட அந்த வீட்டை விரும்பியவர் யாரும் இல்லை. அவளுடைய குரல் உடைந்திருந்தது.

"வீடு எனக்கு வேண்டாம். இந்தக் கதை கதைச்ச வாயால என்ர சோத்தைத் தின்னாதையுங்கோ."

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் துறைமுகத்து ஆட்கள் வந்து கடையில் நின்றார்கள். ரஜீவனும் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் பார்சல் கொடுத்தாள். அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் நீட்டிய கையோடு நிற்க, ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவனோடு ஒரே படகில் வேலை செய்யும் கனகசுந்தரம் அண்ணனுக்கு விசயம் ஒன்றும் தெரியாது. புருசன் பெண்சாதிச் சண்டையாக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் பார்சலை அங்கேயே பிரித்துச் சோற்றை இரண்டாகப் பிரித்தார். மீன் துண்டை ரஜீவன் பக்கம் தள்ளிவிட்டார்.

"வாடா தம்பி, இதில சாப்பிடு."

ரஜீவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.